உரசெழுத்ததிகாரம்

பாயிரம் இல்லாத நூலைப் புலவர்கள் நூல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன், டோக்கியோவில் நிஷி-கசாய் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து, பகலில் அலுவலகக் கணினிக்கும் இரவில் பொம்மை ரயிலுக்கும் ஊழியம் செய்பவன். வழி: பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளில் படங்களை மட்டும் பார்த்து அவன் தானாகக் கண்ட வழி. எல்லை: வடக்கே ஜன்னல், தெற்கே காபி டம்ளர், கிழக்கே மேசை விளக்கு, மேற்கே மனைவி. நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு, அதாவது எதை முடித்துவிட்டு இதற்கு வரவேண்டும் என்ற முறை: பாத்திரம் துலக்கி முடித்த பிறகு. நுதலிய பொருள்: ரவை அளவுள்ள எழுத்து. கேட்போர்: ஒருவர் இருந்தார், பாதியில் எழுந்து போய்விட்டார். பயன் என்ற தலைப்பின் கீழ் எழுத இதுவரை எதுவும் அகப்படவில்லை.

இனிப் பெயர்க்காரணம். மாடல் கட்டுகிறவர்கள் இதை டிரை டிரான்ஸ்ஃபர் என்பார்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றின் அடிப்பக்கத்தில் எழுத்துகளை அச்சிட்டு, அவற்றின் முதுகில் பசை தடவியிருப்பார்கள். தாளைப் பொம்மையின் மேல் வைத்து மேலிருந்து மொட்டைக் குச்சியால் உரசினால், எழுத்து தாளை விட்டுவிட்டுப் பொம்மையைப் பிடித்துக்கொள்ளும். உரசி ஒட்டுவதால் உரசெழுத்து. உரசிய எழுத்து, உரசுகின்ற எழுத்து, உரசும் எழுத்து என்று முக்காலத்துக்கும் விரிகிற வினைத்தொகை. நான் கெடுத்ததும், கெடுத்துக்கொண்டிருப்பதும், ஓய்வு பெற்றபின் கெடுக்கப்போவதும் அதில் அடக்கம். ‘உரசு’வும் ‘எழுத்து’ம் சேர்ந்தபோது நடுவில் இருந்த உகரம் சத்தம் போடாமல் கழன்றுகொண்டதையும் மாணாக்கர் கவனிக்கவேண்டும். பெயர் வைக்கும்போதே ஓர் எழுத்து தொலைந்த கலை இது.

உரசுவதைத் தேய்ப்பதோடும் சுரண்டுவதோடும் குழப்பிக்கொள்வோர் உளர். தேய்ப்பது தோசைக்கல்லை. சுரண்டுவது ரீசார்ஜ் கார்டை. இரண்டிலும் மேலே இருக்கும் ஏதோ ஒன்று ஒழிந்தால் போதும் என்பதுதான் நோக்கம். உரசும்போதோ மேலே இருப்பது ஒழியாமல் கீழே இறங்கவேண்டும். சந்தனக் கட்டை இழைப்பவரின் கைப்பதம் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் அவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொள்ளும் சலுகை உண்டு.

தண்ணீர் என்றதும் பிற மரபுகளைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். நம் பிள்ளைப் பருவத்தில் பபிள்கம்மோடு ஒரு படம் வரும். அதை நாக்கால் நனைத்து முன்கையில் வைத்து அழுத்தி, ஐம்பது எண்ணிவிட்டு உரித்தால், புலியின் பின்பாதி வந்திருக்கும். இதை எச்சில் மரபு என்க. மாடல் உலகில் பெரும்பாலோர் கைக்கொள்வது நீர் மரபு. டீக்கால் தாளை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, படலம் தளர்ந்ததும் பொம்மையின் மேல் வழுக்கி விடுவது. கோணலாகிவிட்டால் இன்னொரு சொட்டு விட்டு நகர்த்தலாம். திருப்தி வரும்வரை நகர்த்திக்கொண்டே இருக்கலாம். ஆனால் எழுத்தைச் சுற்றி ஒரு கண்ணாடிப் படலத்தின் ஓரம் தெரியும். சொரசொரப்பான பெயின்ட் மேல் வைத்தால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்துவிடும். மூன்றாவதான உலர் மரபில் படலமே கிடையாது. எழுத்து மட்டும் வந்து, தூரிகையால் எழுதினாற்போல் உட்காரும். உட்கார்ந்த பிறகு அரை மயிரிழை நகராது. மன்னிப்பு இல்லாத மரபு.

இதன் மூலபுருஷர் லண்டனில் 1959-இல் தொடங்கிய லெட்ராசெட் நிறுவனத்தார். அவர்களும் முதலில் ஈரத்தில்தான் இருந்தார்கள், 1961-இல் உலர்ந்தார்கள். விளம்பர ஓவியர், கட்டட வரைபடக்காரர், பத்திரிகைக்குப் பக்கம் கட்டுகிறவர் என்று ஒரு தலைமுறையே அந்தத் தாளை உரசித்தான் தலைப்பு போட்டது. கணினி வந்ததும் எல்லாரும் குச்சியைக் கீழே போட்டுவிட்டார்கள். பொம்மைக்காரர்கள் மட்டும் போடவில்லை. லெட்ராசெட் தன் சரக்குக்கு வைத்த பெயர் இன்ஸ்டன்ட் லெட்டரிங். ஜப்பானியர் இரண்டு சொல்லுக்கும் தலையை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை வெட்டிவிட்டு, இன்ரெட்டா என்று ஆக்கிக்கொண்டார்கள். அகிஹபாராவில் ரயில் பொம்மைக் கடைக்குள் போய் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். நாலு பத்தி விளக்கம் மிச்சம்.

ஜப்பானில் பரவலாக ஓடுவது ‘என்’ (N) கேஜ் பொம்மை ரயில், தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். காட்டோ நிறுவனம் 1965-இல் சி50 என்ற நீராவி எஞ்சினோடு அங்கே அதைத் தொடங்கிவைத்தது. ஷிங்கன்சென் பொம்மைகளை நிஜத்தில் 160-இல் ஒரு பங்காகவும் மற்ற ரயில்களை 150-இல் ஒரு பங்காகவும் செய்கிறார்கள். நிஜப் பெட்டியில் 90 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் எழுத்து இருந்தால் இங்கே அது 0.6 மில்லிமீட்டர். பாயிரத்தில் ரவை என்றது இதைத்தான். காட்டோ பெரும்பாலும் பெட்டி எண்ணை அச்சிட்டே கொடுத்துவிடும். டோமிக்ஸ் பல வண்டிகளின் பக்கத்தைச் சும்மா விட்டு, எண்கள் அடங்கிய ஒரு தாளைக் கூடவே வைக்கும். பிடித்த எண்ணைத் தேர்ந்து நீங்களே உரசிக்கொள்ளலாம். அச்சிட்டதையே வாங்கினால் என்ன என்று கேட்பாருக்கு விடை: அச்சிட்டு வரும் எண் ஊருக்கெல்லாம் ஒரே எண். அந்தப் பெட்டியை வாங்கிய ஆயிரம் பேர் வீட்டிலும் அதே ரயில்தான் ஓடும்.

என்னிடம் இருப்பது 103 வரிசை மின்ரயில். டோக்கியோவின் யாமனோதே வட்டப்பாதையில் 1960-களில் ஓட வந்தது, உகுயிசு என்ற குருவியின் பெயரால் வழங்கும் மஞ்சள் கலந்த பச்சை நிறம். பத்துப் பெட்டி. இரு முனையிலும் குஹா, இடையே மோஹா ஆறு, ஸாஹா இரண்டு. இவை பெயர்கள் அல்ல, இலக்கணக் குறிப்புகள். கு என்றால் ஓட்டுநர் அறை உண்டு. மோ என்றால் மோட்டார் உண்டு. ஸா என்றால் இரண்டும் இல்லை, சும்மா இழுபட்டு வருகிறது என்று பொருள். எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். ஹா என்பது வகுப்பு. இ, ரோ, ஹா என்பது ஜப்பானியரின் பழைய அரிச்சுவடி வரிசை. இ முதல் வகுப்பு, ரோ இரண்டாவது, ஹா மூன்றாவது. 1960-இல் மூன்று வகுப்பை இரண்டாகக் குறைத்தபோது வகுப்பின் பெயரை உயர்த்தினார்கள், பெட்டியில் எழுதிய எழுத்தைத் தொடவில்லை. இன்றுவரை சாதாரணப் பெட்டி ஹாதான். மோஹா என்று எழுதி வைத்துவிட்டு மோகம் கொள்ளாதே என்றால் எப்படி? ஸாஹா எதில் போய் முடியும் என்பது ஹோமம் பார்த்த எவருக்கும் தெரியும்.

எண்களிலும் வில்லங்கம் உண்டு. 103 வரிசையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கட்டினார்கள். மோஹா 103 பொதுவாக மோஹா 102-ஐ ஜோடியாகக் கொண்டே ஓடியது. தம்பதிகள் ஆயிற்றே, இருவருக்கும் ஒரே எண்ணாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்தோம். வேறு தடங்களுக்காகக் குமோஹா என்று ஒரு வகையைக் கட்டினார்கள். அதுவும் மோஹா 102-ஐயே ஜோடி சேர்த்துக்கொண்டதால், 102-இன் எண்கள் 103-ஐ முந்திக்கொண்டு போய்விட்டன. ஆகவே எந்த வருடத்தில் எந்த எண்ணோடு எந்த எண் ஓடியது என்று பார்த்துத்தான் உரசவேண்டும். நமக்கு இது புதிதா என்ன? பத்துப் பெட்டிக்குப் பத்துப் பொருத்தம். ஜாதகம் பார்க்கத் தெரியாதவர்களுக்காக, ஒரு முழு ரயிலின் எண்களையும் ஜோடி தவறாமல் வரிசையாக அச்சிட்ட தனித் தாள்களும் கிடைக்கின்றன. ஒரு கிண்ணம் ராமென் விலையில் அப்படி ஒன்றை வாங்கினேன். ஒவ்வோர் எண்ணும் இருமுறை மட்டும், பெட்டிக்கு இரண்டு பக்கம் என்ற கணக்கில் அச்சாகியிருந்தது. உபரி இல்லை. இந்தச் செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவதில் இரண்டு வகையினர். வாங்கியதும் ஒட்டுகிறவர், வாங்கியதும் பூட்டுகிறவர். முதல் வகையினரை நான் நேரில் சந்தித்ததில்லை. பூட்டுகிறவர்களின் வாதம் இது: உரசினால் கெடக்கூடும், உரசாதவரை கெடாது. அற்றன்று. பசைக்கு ஆயுள் உண்டு. தாள் நாட்பட்டால் பசை உலர்ந்து எழுத்து முறுகிவிடும். உரசின மாத்திரத்தில் அப்பளம்போல் நொறுங்கும். என் இழுப்பறையைத் தணிக்கை செய்து பார்த்தேன். கை நடுங்கிப் பாழானவை இரண்டு தாள்கள். பொத்திப் பொத்தி வைத்துப் பாழானவை ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றை ஜிப் உறையில் போட்டு, உறையை டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் ‘முக்கியம்’ என்று எழுதி வைத்திருந்தேன். ‘முக்கியம்’ அழியாமல் இருக்கிறது.

கடைப் பெரியவர் ஒருவர், நான் இன்ரெட்டாவுக்குப் பணம் கட்டும்போதெல்லாம், சீக்கிரம் ஒட்டிவிடுங்கள் என்று சொல்லித்தான் பையை நீட்டுவார். மீன்கடைக்காரர் சொல்லும் அதே தொனி. மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது.

ஒட்டும் முறைக்கு வருவோம். நிலைமொழி என்பது பொம்மையின் பக்கச் சுவர். வருமொழி என்பது தாளில் தொங்கும் எழுத்து. நிலைமொழியை முதலில் எத்தனாலால் துடைக்கவேண்டும். ரசம்சாதம் பிசைந்த விரலால் ஒருமுறை தொட்டிருந்தாலும் எழுத்து அந்த இடத்தை ஏற்காது. அடுத்து, வேண்டிய எண்ணை மட்டும் கூரான கத்தியால் கட்டமாக வெட்டி எடுக்கவேண்டும். பின்பக்கத்துப் பாதுகாப்புத் தாளை உரித்து வைத்துக்கொண்டு, எண் இருக்கும் துண்டைச் சுவரில் படியவைத்து, அதன் மேல் விளிம்பை மட்டும் செலோடேப்பால் பொம்மையோடு கட்டவேண்டும். உரசுகோல் என்று கடையில் தனியாக விற்கிறார்கள், முனையில் சின்ன இரும்பு உருண்டையோடு. நான் பயன்படுத்துவது மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா. அலுவலகத்தில் மை தீர்ந்த பேனாவை யாரும் எறிந்துவிடாமல் இருக்கத் தனியாக ஆள் பழக்கி வைத்திருக்கிறேன்.

உரசல் ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி மெல்ல நகரவேண்டும். இங்கே ஒரு காட்சி உண்டு. அதற்காகவே பூதக்கண்ணாடி வாங்கலாம். பேனா முனை போகப்போக, தாளை விட்டுக் கழன்ற பகுதி மட்டும் லேசாக மங்கும். கழலாத பகுதி பழைய அழுத்தத்தோடு பளிச்சென்று இருக்கும். 0.6 மில்லிமீட்டர் எழுத்தின் உடம்பில் அந்த மங்கல், சுவரில் மாலை வெயில் ஏறுவதுபோல் ஏறும். முழுதும் மங்கிவிட்டால் எழுத்து இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது தாளை ஒரு மூலையிலிருந்து மடக்கி உரிக்கவேண்டும். பிளாஸ்திரி பிய்ப்பதுபோல் வெடுக்கென்று இழுக்காமல், சூடான இலை அடையிலிருந்து வாழை இலையைப் பிரிப்பதுபோல். எழுத்தில் ஏதாவது ஓரம் தாளோடு எழும்புவது தெரிந்தால் பதறவேண்டாம். டேப் கட்டியிருப்பதால் தாள் இடம் மாறாது. மறுபடி படுக்கவைத்து உரசலாம். டேப்பை எடுத்துவிட்டால் அந்த வாசல் அடைபட்டது.

இவ்வளவும் நடந்து, எழுத்து எவ்வித மாற்றமும் இன்றி வந்து சேர்ந்தால் அது இயல்பு புணர்ச்சி. அரிதாக நிகழும். மற்றதெல்லாம் விகாரம். இலக்கணம் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பகுத்தபோது பவணந்தியாரின் எதிரே என் மேசைதான் இருந்திருக்கவேண்டும். பக்கத்து எண்ணை வெட்டி விலக்காமல் உரசினால் அதன் காலும் அழையாமல் வந்து ஒட்டி, 103 என்பது 1031 ஆகும், இது தோன்றல். உரசும்போது தாள் வழுக்கினால் எண் காற்றில் சாய்ந்த வாழைபோல் நிற்கும், இது திரிதல். கெடுதலுக்கு உதாரணம் பின்னே வருகிறது. ஒட்டி முடித்தபின் மேலே கிளியர் ஸ்ப்ரே அடிக்கவேண்டும், முதல் சுற்று பனி விழுந்தாற்போல். அவசரப்பட்டு நனைய நனைய அடித்தால் லாக்கரின் வீரியத்தில் எழுத்து சுருங்கிவிடும். இதைக் குறுக்கம் என்ற தலைப்பில் வைக்கலாம்.

பத்துப் பெட்டி, பக்கம் இரண்டு, ஆக 20 எண்கள். நான்கு இரவுகளில் 19 முடிந்தன. ஐந்தாம் இரவு, கடைசிக் குஹாவின் இரண்டாம் பக்கம். உரசியாயிற்று. மங்கியாயிற்று. ஒருமுறைக்கு இருமுறை மங்கியாயிற்று என்று நானே முடிவு செய்து, டேப்பை எடுத்து, மூலையை மடக்கிக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, மூச்சு விடுறீங்களா இல்லையா? அரை மணி நேரமா அப்படியே உக்காந்திருக்கீங்க.”

“ம்.”

“ம்னா என்ன அர்த்தம்?”

திரும்பினேன். தாள் கையோடு வந்துவிட்டது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் தாளில் எதுவும் இல்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். பொம்மையைப் பார்த்தேன். ‘ஹா’ இருந்தது, அதன் பின்னால் எண் முழுதும் நேராக இருந்தது. முன்னால் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் மேசையையும் தரையையும் தேடி, கடைசியில் என் கட்டைவிரலில் கண்டுபிடித்தேன். கு. ஒரு முனை உடையாமல், ஓரம் மடங்காமல், ரேகையின் மேல் தெளிவாக. அந்த ஐந்து இரவுகளில் நிகழ்ந்த அப்பழுக்கற்ற இயல்பு புணர்ச்சி அது ஒன்றுதான்.

“என்னங்க அது கையில?”

“கு.”

“எதுக்கு?”

“டிரைவர் பெட்டின்னு அர்த்தம்.”

என் விரலை விளக்குப் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, “டிரைவர் இனிமே உங்களோடதான் வருவாரா?” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். கேட்போர் பாதியில் எழுந்து போனார் என்று பாயிரத்தில் சொன்னது இந்த இடம்.

பரிகாரங்களை ஆராய்ந்தேன். டேப்பை அழுத்தி எடுத்தால் ஒட்டிய எண்ணைக் கழற்றிவிடலாம். ஆனால் கழற்றியபின் ஒட்ட அதே எண் தாளில் இல்லை. வேறு தாளிலிருந்து ஒரு கு மட்டும் கடன் வாங்கலாம். வாங்கிப் பார்த்தேன், அதன் கால் ஒரு பிசிறு தடிப்பு. பூதக்கண்ணாடியில் அது மாற்றாந்தாய் வீட்டுப் பிள்ளைபோல் ஒதுங்கி நின்றது. சுரண்டி எடுத்துவிட்டேன். கையால் எழுதலாமே என்ற யோசனையைச் சொன்னவர் பெயரை இங்கே குறிப்பிட விரும்பவில்லை.

இந்த ஆய்வுக்கு ஒரே ஒரு பலமான எதிர்வாதம் எழுந்தது. ஊரிலிருந்து அம்மா வீடியோவில் வந்தபோது மேசையைக் காட்டினேன்.

“ரயிலாடா தம்பி? ஓடுமா?”

“ஓடும்மா.”

“நம்பர் ஒட்டினாத்தான் ஓடுமோ?”

“இல்லம்மா, அது இல்லாமலும் ஓடும்.”

“அப்ப படுத்துத் தூங்கேன்டா.”

இதற்கு மறுப்புரை எழுத மூன்று வாரமாக முயன்று வருகிறேன். கிடைத்ததும் அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும்.

இப்போது ரயில் ஓடுகிறது. நிஜ யாமனோதே பாதையின் நீளம் 34.5 கிலோமீட்டர். அளவுப்படி போட்டால் எனக்கு 230 மீட்டர் தண்டவாளம் வேண்டும். மேசையில் இருப்பது 28 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம். பத்துப் பெட்டியை மாட்டினால் முக்கால் வட்டத்தை ரயிலே அடைத்துக்கொண்டு, தன் வாலைத் தானே துரத்துகிறது. ஆனால் வட்டப்பாதையில் ஒரு வசதி உண்டு. ரயிலின் ஒரு பக்கம் எப்போதும் வெளியே பார்க்கும், மறுபக்கம் எப்போதும் உள்ளே பார்க்கும். ‘ஹா’ உள்பக்கத்தில் ஓடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து வட்டத்துக்கு வெளியே நின்று பார்க்கவும். தலையை உள்ளே நீட்ட வேண்டாம்.